ஜிம் கிரெகரி விருது: ஜூனியர் ஐஸ் ஹாக்கியின் சிறந்த பொது மேலாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த விருது? யார் கொடுக்கிறார்கள்?

கனடாவின் ஒண்டாரியோ ஹாக்கி லீக், சுருக்கமாக ஓ.எச்.எல்., தன் 20 அணிகளின் பொது மேலாளர்களில் ஒருவருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விருது இது. 2019-20 சீசனில் தொடங்கியது. அதற்கு முன் ‘ஆண்டின் சிறந்த நிர்வாகி’ என்று ஒரு விருது இருந்தது. ஆனால் நிர்வாகி என்ற சொல்லுக்குள் அணி உரிமையாளரும் அடங்குவார், டிக்கெட் விற்பனையைத் தூக்கி நிறுத்தியவரும் அடங்குவார். வீரர்களைத் தேடிப்பிடித்து, வாங்கி, விற்று, அணியைக் கட்டும் வேலைக்கென்று தனியாக ஒரு விருது வந்தது இந்தப் பெயரில்தான்.

ஜிம் கிரெகரி யார்?

ஒண்டாரியோவின் போர்ட் கோல்போர்னில் 1935-இல் பிறந்தவர். டொரண்டோ மார்ல்பரோஸ் என்ற ஜூனியர் அணியின் மேலாளராக 1964-லும் 1967-லும் ஜூனியர் அணிகளுக்கான மெமோரியல் கோப்பையை வென்றார். 1969 முதல் 1979 வரை, வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான நேஷனல் ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்.) ஆடும் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸின் பொது மேலாளர். ஸ்வீடன் வீரர்கள் வட அமெரிக்காவின் முரட்டு ஆட்டத்துக்குத் தாங்கமாட்டார்கள் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த 1973-இல், அங்கிருந்து போர்யே சால்மிங், இங்கெ ஹாமர்ஸ்ட்ரோம் என்ற இருவரையும் அழைத்துவந்தவர் அவர்தான்.

லீஃப்ஸை விட்ட பிறகு அவர் பொறுப்பேற்றது என்.எச்.எல்.-இன் மத்தியத் திறனறி அலுவலகம். 18 வயது வீரர்களை வரிசைப்படுத்தி எல்லா அணிகளுக்கும் பட்டியல் கொடுக்கும் அலுவலகம் அது. ஜூனியர் வீரரை மதிப்பிடும் கலை ஒரு முறையான தொழிலாக மாறியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2007-இல் ஹாக்கி புகழரங்கில் இடம்பெற்றார். 2019 அக்டோபரில் தன் 83-வது வயதில் காலமானார்.

என்.எச்.எல்.-லிலும் ஜிம் கிரெகரி விருது என்று ஒன்று உண்டே. இரண்டும் ஒன்றா?

இல்லை. இணையத்தில் தேடும்போது அதிகம் குழம்புவது இங்கேதான். என்.எச்.எல். தன் சிறந்த பொது மேலாளர் விருதை 2009-10 முதல் கொடுத்துவருகிறது. முதலில் பெற்றவர் ஃபீனிக்ஸ் கயோட்டீஸின் டான் மலோனி. கிரெகரி மறைந்ததும் அந்த விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே சீசனில் ஓ.எச்.எல்.-உம் தன் புதிய விருதுக்கு அதே பெயரை வைத்தது. ஆக, 2019-20-இல் ஒரே பெயரில் இரண்டு விருதுகள், இரண்டு பேர்: என்.எச்.எல்.-இல் நியூயார்க் ஐலண்டர்ஸின் லூ லமோரியெல்லோ, ஓ.எச்.எல்.-இல் ஒட்டாவா 67’ஸின் ஜேம்ஸ் பாய்ட். தேடும்போது லீக்கின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஜூனியர் என்றால் என்ன வயது?

பெரும்பாலும் 16 முதல் 20 வரை. கனடாவில் மேல்நிலை ஜூனியர் மூன்று லீக்குகளாக நடக்கிறது: ஒண்டாரியோ, மேற்கு, கியூபெக். மூன்றும் சேர்ந்ததுதான் கனேடியன் ஹாக்கி லீக். ஓ.எச்.எல்.-இன் 20 அணிகளில் 17 ஒண்டாரியோ மாகாணத்தில் இருக்கின்றன. மற்ற மூன்று அமெரிக்காவில்: மிச்சிகனில் சாகினாவும் ஃபிளின்ட்டும், பென்சில்வேனியாவில் ஈரியும். வழக்கமான சீசனில் அணிக்கு 68 ஆட்டம். பிறகு 16 அணிகள் மோதும் பிளேஆஃப். அதில் வென்றவருக்கு ஜே. ராஸ் ராபர்ட்சன் கோப்பை. மூன்று லீக்குகளின் சாம்பியன்களும், போட்டியை நடத்தும் ஊரின் அணியும் மே மாத இறுதியில் மெமோரியல் கோப்பைக்காக மோதுவார்கள். அந்தக் கோப்பை 1919-லிருந்து இருக்கிறது.

பொது மேலாளரின் தலைவலி முழுவதும் இந்த வயது வரம்பில்தான் இருக்கிறது. எவ்வளவு நல்ல வீரராக இருந்தாலும் நான்கைந்து ஆண்டுகளில் போய்விடுவார். மிக நல்ல வீரர் என்றால் இரண்டே ஆண்டில் என்.எச்.எல். கூப்பிட்டுக்கொள்ளும். ஓர் அணியைக் கட்டி முடித்த நாளிலிருந்தே அது கலையத் தொடங்கும்.

பொது மேலாளருக்கும் கோச்சுக்கும் என்ன வேறுபாடு?

இன்று இரவு யார் ஆடுவது, எந்த வரிசையில் ஆடுவது என்பது கோச்சின் முடிவு. அந்த அறையில் யார் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது பொது மேலாளரின் முடிவு. சில அணிகளில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பார். அது சிக்கனம்தான், ஆனால் ஆபத்தும் கூட. கோச்சுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயிக்க வேண்டும், மேலாளருக்கு மூன்று வருடம் கழித்தும் ஜெயிக்க வேண்டும். இரண்டு ஆசையும் ஒரே மண்டைக்குள் இருந்தால் வெள்ளிக்கிழமைதான் பெரும்பாலும் ஜெயிக்கும்.

இவை தவிர, வெளியூர்ப் பையன்களைத் தங்கவைக்கும் ‘பில்லெட்’ குடும்பங்களைக் கண்டுபிடிப்பது, பள்ளி ஏற்பாடு, படிப்புத்தொகை ஒப்பந்தம், பெற்றோரோடும் ஏஜென்ட்டோடும் பேசுவது எல்லாம் மேலாளர் அலுவலகத்தின் பொறுப்பு. 16 வயதுப் பையனுக்குத் தங்கும் வீட்டில் சரிப்படாமல் போனால் அது டிசம்பரில் கோல் கணக்கில் தெரியும். விருதுக்குறிப்பில் இது ஒருபோதும் வராது.

வீரர்களை எப்படிப் பெறுகிறார்கள்? ஏலமா?

ஏலம் இல்லை. நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முன்னுரிமைத் தேர்வு, அதாவது டிராஃப்ட். அந்த ஆண்டில் 16 வயதைத் தொடும் பையன்களை 15 சுற்றுகளில் அணிகள் மாறி மாறித் தேர்ந்தெடுக்கும். பொதுவாகப் பட்டியலில் கீழே இருந்த அணிக்கு முதல் வாய்ப்பு. விதிவிலக்காக ஓராண்டு முன்பே அனுமதி பெறும் அபூர்வத் திறமைகளும் உண்டு. 2005-இல் ஜான் டவாரெஸ் முதல் ஆள், 2012-இல் கானர் மெக்டேவிட், 2022-இல் மைக்கேல் மிசா.

இரண்டாவது, வெளிநாட்டு வீரர்களுக்கான தேர்வு. மூன்று லீக்குகளும் சேர்ந்து கோடையில் நடத்துவது. நீண்ட காலமாக அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் என்பதே கணக்கு. ஐரோப்பிய கோல்கீப்பர்களை எடுக்கக் கூடாது என்று 2014 முதல் ஒரு தடை இருந்தது. 2018-இல் அதை நீக்கினார்கள்.

மூன்றாவது, டிரேட். வீரருக்கு வீரர், அல்லது வீரருக்கு எதிர்காலத் தேர்வு உரிமைகள். நான்காவது, எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்ட பையனைப் பயிற்சி முகாமுக்கு அழைத்து ஒப்பந்தம் போடுவது. கடைசி வழியில் ஒரு நல்ல வீரர் கிடைத்தால் அதைவிட மலிவான சரக்கு கிடையாது.

தேர்ந்தெடுத்தால் பையன் வந்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. வீட்டில் சம்மதிக்காவிட்டால் வரமாட்டான். இதில் பெரிய கதை எரிக் லின்ட்ராஸுடையது. 1989-இல் சூ செயின்ட் மரி கிரேஹவுண்ட்ஸ் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. போகமாட்டேன் என்றார். மிச்சிகனில் கீழ்நிலை ஜூனியரில் ஆடிக்கொண்டே காத்திருந்தார். டிசம்பரில் அவருடைய உரிமையை ஓஷாவா ஜெனரல்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு வீரர்களையும் தேர்வு உரிமைகளையும் பணத்தையும் கிரேஹவுண்ட்ஸ் வாங்கிக்கொண்டது. 1990-இல் ஓஷாவா மெமோரியல் கோப்பையை வென்றது. அதோடு கதை முடியவில்லை. ஏமாந்ததாகச் சொல்லப்பட்ட சூ செயின்ட் மரி 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டும் ஓ.எச்.எல். சாம்பியன், 1993-இல் மெமோரியல் கோப்பை. வராத வீரரை வைத்து என்ன வாங்குகிறோம் என்பதும் மேலாளரின் வேலைதான்.

அதனால் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் முக்கால்வாசி வேலை தொலைபேசியிலும் சமையலறை மேசையிலும் நடக்கிறது. பெற்றோர் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்வி: எந்தப் பள்ளி, எந்த வீடு, படிப்புக்கு என்ன உத்தரவாதம். ஓ.எச்.எல்.-இல் விளையாடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஓராண்டு உயர்கல்விச் செலவு என்பது அடிப்படை: கல்விக் கட்டணம், புத்தகம், கட்டாயக் கட்டணங்கள். அமெரிக்கக் கல்லூரி பக்கம் சாய்ந்த பையனை இழுக்க இதற்கு மேலும் பேச வேண்டியிருக்கும்.

டிரேட்டில் ‘இரண்டாம் சுற்று, இரண்டாம் சுற்று’ என்றே பேசுகிறார்களே, ஏன்?

ஓ.எச்.எல்.-இல் முதல் சுற்றுத் தேர்வு உரிமை கைமாறாது. முதல் சுற்றில் எடுத்த பையன் வர மறுத்ததற்கு ஈடாகக் கிடைக்கும் கூடுதல் தேர்வு மட்டும் விலக்கு. ஆகவே சந்தையில் செல்லும் பெரிய நோட்டு இரண்டாம் சுற்றுதான். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கைந்து இரண்டாம் சுற்றுகள் என்று செய்தி வரும்போது, அவை அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்குச் சிதறியிருக்கும். இன்னும் 11, 12 வயதில் இருக்கும் பையன்களை இன்றே விற்றுவிடுவதற்குச் சமம் அது. மேற்கு லீக்கிலும் கியூபெக்கிலும் முதல் சுற்றும் கைமாறும். அதனால் அந்த லீக் டிரேட்டுகளை ஓ.எச்.எல். கணக்கோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

‘நிபந்தனைத் தேர்வு’ என்ற சொல்லும் வரும். அந்த வீரர் அடுத்த ஆண்டு 20 வயதில் திரும்பிவந்து ஆடினால் இன்னொரு தேர்வு, வராவிட்டால் இல்லை என்பது போன்ற ஏற்பாடு. இந்த வரியைப் படிக்காமல் டிரேட்டில் யார் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது.

ஜனவரியில் ஏன் இவ்வளவு பரபரப்பு?

டிரேட் கெடு ஜனவரி 10-ஐ ஒட்டி வரும். அன்றைக்குள் ஒவ்வொரு மேலாளரும் தான் வாங்குபவரா விற்பவரா என்று முடிவெடுத்தாக வேண்டும். நடுவில் நின்றால் இரண்டும் கெட்டான்.

ஓவன் பெக் என்ற ஒரே வீரரின் பாதையைப் பாருங்கள். என்.எச்.எல். அணியான மான்ட்ரியால் கனேடியன்ஸ் 2022-இல் இரண்டாம் சுற்றில் எடுத்த முன்கள வீரர். 2023 ஜனவரியில் மிஸிஸாகா அவரை பீட்டர்பரோவுக்குக் கொடுத்தது. வழக்கமான சீசனில் கிழக்குப் பிரிவில் நான்காவதாக முடித்த பீட்டர்பரோ, அந்த மே மாதம் ஓ.எச்.எல். சாம்பியன் ஆனது. கோப்பை கைக்கு வந்ததும் பீட்டர்பரோ விற்பவர் பக்கம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் பெக் சாகினாவுக்குப் போனார். அந்த ஆண்டு மெமோரியல் கோப்பையை நடத்தும் ஊர் சாகினா. இறுதி ஆட்டத்தில் லண்டன் நைட்ஸை 4-3 என்று வென்று கோப்பையை எடுத்தது. போட்டியின் மிகச்சிறந்த வீரர் ஓவன் பெக்.

இரண்டு ஜனவரி, இரண்டு கோப்பை, ஒரே ஆள். பீட்டர்பரோ மேலாளர் 2023-இல் வாங்கியது சரி, 2024-இல் விற்றதும் சரி. மிஸிஸாகா விற்றதும் தவறில்லை. ஜூனியரில் ஒரு டிரேட்டில் இரு தரப்பும் ஜெயிப்பது அபூர்வம் அல்ல, ஏனென்றால் இருவரும் வெவ்வேறு ஆண்டுகளுக்காக வியாபாரம் செய்கிறார்கள்.

ஜனவரியில் வாங்கியும் தோற்கும் அணிகள் எங்கே சறுக்குகின்றன?

பெரும்பாலும் ஒரே மாதிரியான இடங்களில்.

20 வயது இடங்களை மறந்துவிடுவது ஒன்று. அணிக்கு 20 வயது வீரர்கள் மூன்று பேர்தான். ஏற்கெனவே மூவர் இருக்க நான்காமவரை வாங்கினால் ஒருவரை வெளியேற்ற வேண்டும். கெடு நெருக்கத்தில் எல்லா அணியும் அந்த இடங்களை நிரப்பியிருக்கும், ஆகவே வெளியேற்றுகிறவருக்கு விலையே கிடைக்காது. இதை அக்டோபரிலேயே யோசித்திருக்க வேண்டும்.

கோல்கீப்பரைக் கடைசியாகப் பார்ப்பது இன்னொன்று. முன்கள வீரர்களை வாங்கித் தேர்வு உரிமைகளைச் செலவழித்த பிறகு, பிளேஆஃப் இரண்டாம் சுற்றில்தான் வலையில் நிற்பவரின் தரம் தெரியவரும். அனுபவமுள்ள மேலாளர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்வார்: முதலில் கோல்கீப்பர், அடுத்து வலப்பக்கம் ஆடும் தற்காப்பாளர், அதன் பிறகே கோல் அடிப்பவர்.

மூன்றாவது, வீரர் திரும்பிவருவார் என்று நம்பி ஆகஸ்டில் திட்டம் போடுவது. என்.எச்.எல். அணி தன் 18, 19 வயது வீரரை ஒன்பது ஆட்டம் வரை ஆடவைத்துப் பார்க்கும். பத்தாவது ஆட்டம் ஆடினால் ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டு கழிந்துவிடும் என்பதால் பலரை அதற்குமுன் ஜூனியருக்குத் திருப்பி அனுப்பும். அனுப்பலாம், அனுப்பாமலும் போகலாம். அக்டோபர் கடைசி வரை மேலாளருக்கு அது தெரியாது. அந்த ஒரு இடத்தைக் காலியாக வைப்பதா நிரப்புவதா என்பதற்கு விடையே கிடையாது.

உலக ஜூனியர் போட்டியையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பர் 26-இல் தொடங்கி ஜனவரி 5 வரை. அணியின் சிறந்த இருவர் முகாமோடு சேர்த்துச் சில வாரம் இல்லாமல் போவார்கள். அந்த நாட்களில் வரிசையாகத் தோற்றுவிட்டு, ‘நாம் தேறமாட்டோம்’ என்று பதறி ஜனவரி 8-இல் விற்கத் தொடங்கும் மேலாளர் உண்டு. பட்டியலை முழு அணியோடு ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் விற்றிருக்க மாட்டார்.

முதல் விருது ஜேம்ஸ் பாய்டுக்குப் போனது ஏன்?

ஒட்டாவா 67’ஸ் 2018-19-இல் 50 ஆட்டம் வென்று, பிளேஆஃபில் தொடர்ந்து 14 ஆட்டம் வென்று, இறுதியில் 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, கெல்ஃப் ஸ்டார்மிடம் அடுத்த நான்கையும் தோற்றது. அப்படித் தோற்ற அணி, வயதானவர்கள் கிளம்பியதும், மறு ஆண்டு சரிவதுதான் வழக்கம். ஒட்டாவா சரியவில்லை. 2019-20-இல் 62 ஆட்டத்தில் மறுபடியும் 50 வெற்றி, லீக்கிலேயே முதலிடம்.

காரணம் இரண்டு பேரின் பிறந்த தேதியில் இருக்கிறது. ஜாக் க்வின் 2001 செப்டம்பர் 19. மார்கோ ரோஸி 2001 செப்டம்பர் 23. என்.எச்.எல். தேர்வுக்கான எல்லைக்கோடு செப்டம்பர் 15. சில நாள் தவறியதால் இருவரும் 2019 தேர்வில் இடம்பெற முடியாமல் 2020-க்குத் தள்ளப்பட்டார்கள். ஆகவே இருவரும் 18 வயதில், தேர்வுக்கு முந்தைய பசியோடு, ஒரே அணியில் இன்னொரு முழு சீசன் ஆடினார்கள். க்வின் 52 கோல். ரோஸி 56 ஆட்டத்தில் 120 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து), லீக்கின் மிகச்சிறந்த வீரர். 2020 என்.எச்.எல். தேர்வில் க்வின் எட்டாவது, ரோஸி ஒன்பதாவது.

ரோஸியை 2018 வெளிநாட்டுத் தேர்வில் எடுத்தது பாய்டின் அலுவலகம். ஆஸ்திரியப் பையன், சுவிஸ் ஜூனியரில் ஆடிக்கொண்டிருந்தவர். உயரம் குறைவு என்பதால் பலர் தயங்கிய வீரர். க்வின்னோ 2017 ஏப்ரலில் எடுக்கப்பட்டவர். பாய்ட் ஒட்டாவாவுக்கு வந்தது அதே ஆண்டு ஜூலையில். அதாவது 52 கோல் அடித்தவரை விதைத்தவர் வேறு, அறுவடை செய்தவர் வேறு. இதனால் விருது தகாதது என்று சொல்ல வரவில்லை. வந்த இடத்தில் இருந்த நல்ல பையனை விற்றுவிடாமல் காத்து வளர்ப்பதும் தேர்வுதான், அதுவும் புதிதாக வந்த மேலாளருக்கு முன்னவரின் ஆட்களைக் கழிக்கும் ஆசை சும்மா விடாது. அதோடு ஆந்த்ரே டூரினியைப் போன்ற ஒரு கோச் பக்கத்தில் இருந்தார். அவர் பிறகு அரிசோனா கயோட்டீஸின் தலைமைக் கோச்சாகப் போனார்.

அந்த ஆண்டு ஒட்டாவா கோப்பையை வென்றதா?

யாருமே வெல்லவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் சீசன் நின்றது, பிளேஆஃபும் மெமோரியல் கோப்பையும் ரத்து. 2020-21 ஓ.எச்.எல். சீசன் தொடங்கவே இல்லை. அந்த ஆண்டுக்கு விருதும் இல்லை.

கோப்பையை வென்ற மேலாளருக்கே விருது என்று வைத்துவிட்டால் என்ன?

கோப்பைக்கு ஏற்கெனவே ஒரு கோப்பை இருக்கிறது. மேலே சொன்ன பீட்டர்பரோவைப் பாருங்கள்: வழக்கமான சீசன் முடிந்தபோது யாரும் அந்த மேலாளரைப் பாராட்டும் மனநிலையில் இருந்திருக்க மாட்டார்கள், எட்டு வாரத்தில் எல்லாம் மாறியது. பிளேஆஃப் என்பது ஒரு கோல்கீப்பரின் நல்ல மாதத்தையும் ஒருவரின் முழங்காலையும் நம்பி இருப்பது. 68 ஆட்டம் கொஞ்சம் நியாயமான அளவுகோல். ஆனால் அதுவும் ஓர் ஆண்டின் விளைச்சலை மட்டுமே காட்டும். இந்த வகை விருதுகள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை இதுதான்: நான்கு ஆண்டு வேலையை ஓர் ஆண்டுப் பட்டியலை வைத்து அளக்கின்றன. கடைசி இடத்தில் நின்றுகொண்டே மிகச் சரியான வேலையைச் செய்துகொண்டிருக்கும் மேலாளர் பெயர் அந்த மேடைக்கு வராது.

மற்ற ஜூனியர் லீக்குகளில் என்ன விருது?

கியூபெக் லீக்கில் மோரிஸ் ஃபிலியோன் கோப்பை. 2005-06 முதல் சிறந்த பொது மேலாளருக்கு. ஃபிலியோன், கீ லஃப்லர் ஆடிய கியூபெக் ராம்பார்ட்ஸ் 1971-இல் மெமோரியல் கோப்பையை வென்றபோது அதன் கோச். பிறகு கியூபெக் நார்டிக்ஸின் பொது மேலாளர். மேற்கு லீக்கில் லாய்ட் சாண்டர்ஸ் நினைவுக் கோப்பை, ஆனால் அது சிறந்த நிர்வாகிக்கு என்ற பழைய அகன்ற வரையறையில் இருக்கிறது. அமெரிக்காவின் யு.எஸ்.எச்.எல்.-இலும் பொது மேலாளர் விருது உண்டு.

ஜூனியரில் நன்றாகச் செய்தால் என்.எச்.எல். வேலை கிடைக்குமா?

அந்த வழி திறந்தே இருக்கிறது. கைல் டூபாஸ் 25 வயதில் சூ செயின்ட் மரியின் பொது மேலாளர் ஆனார், 2014-இல் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அழைத்துக்கொண்டது. பிராண்டன் வீட் கிங்ஸை நீண்ட காலம் நடத்திய கெல்லி மெக்கிரிமன் 2016-இல் வேகாஸுக்குப் போய், 2019-இல் அதன் பொது மேலாளராகி, 2023-இல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். ஹாமில்டன் புல்டாக்ஸை 2018-லும் 2022-லும் ஓ.எச்.எல். சாம்பியனாக்கிய ஸ்டீவ் ஸ்டாயோஸ் இப்போது ஒட்டாவா செனட்டர்ஸை நடத்துகிறார். ஆனால் ஜூனியரில் சம்பள வரம்பு என்ற கணக்கே கிடையாது. என்.எச்.எல்.-இல் பாதி வேலையே அதுதான். போகிறவர் அதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி விதி மாறியது மேலாளர்களை எப்படிப் பாதித்தது?

கனேடியன் ஹாக்கி லீக்கில் ஓர் ஆட்டம் ஆடினாலே அமெரிக்கக் கல்லூரி முதல் பிரிவு ஹாக்கிக்குத் தகுதி போய்விடும் என்பதே பல பத்தாண்டு நிலைமை. 2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. அதை மாற்றியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அமல். இதனால் 16 வயதுப் பையனைச் சம்மதிக்கவைப்பது எளிதானது, இரண்டு கதவும் திறந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். கஷ்டம் மறுமுனையில். 18, 19 வயதில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் வீரர் கல்லூரிக்குக் கிளம்பிவிடலாம். முன்பெல்லாம் பையன் 20 வரை இங்கேதான் என்று நம்பி நான்காண்டுத் திட்டம் போட்டார்கள். போதாததற்கு, என்.எச்.எல்.-இன் புதிய தொழிலாளர் ஒப்பந்தம் 2026-27 முதல் ஒவ்வொரு அணியும் ஒரு 19 வயது ஜூனியர் வீரரை, அடுத்த நிலைத் தொழில்முறை லீக்கான ஏ.எச்.எல்.-இல் ஆடவைக்க வழிசெய்கிறது. 19 வயது நட்சத்திரத்துக்காக ஜனவரியில் கொட்டிக்கொடுக்கும் பழக்கம் இனி மறுபரிசீலனைக்கு வரும்.

விருதுச் செய்தி வந்ததும் அது தகுந்தவருக்குத்தான் போனதா என்று நானே பார்க்க முடியுமா?

அரை மணி நேர வேலை. ஒரு தாளில் அந்த அணியின் முதல் ஆறு முன்கள வீரர்கள், முதல் நான்கு தற்காப்பாளர்கள், முதன்மை கோல்கீப்பர் என்று 11 பெயர் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே நான்கு கட்டம்: பிறந்த ஆண்டு, எந்த வழியில் எந்தச் சுற்றில் வந்தார், வந்த தேதியில் மேலாளர் யார், டிரேட் என்றால் என்ன கொடுத்தார்கள்.

மூன்றாவது கட்டத்தில் பழைய மேலாளரின் பெயரே நிறைந்திருந்தால் காரணம் விளங்கிவிடும். இரண்டாவது கட்டத்தில் ஐந்தாம் சுற்றுக்குக் கீழே எடுத்த இருவர் இருந்தால் அந்த அணியின் திறனறிவோர் நல்லவர்கள். 11 பேரில் எட்டுப் பேர் 19, 20 வயதினர் என்றால் அடுத்த ஆண்டு அந்த அணியைத் தேட வேண்டியிருக்கும்.

பிறகு ஜனவரி 10-க்கு முன்பும் பின்பும் வெற்றி விகிதத்தைத் தனித்தனியாகப் போடுங்கள். விகிதம் கெடுவுக்குப் பிறகுதான் எகிறியது என்றால் வாங்கிய பெருமை. முன்பே உயரத்தில் இருந்தால் வளர்த்த பெருமை.

கடைசியாகத் தாளைத் திருப்பி, அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு அந்த அணியின் கையில் உள்ள இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தேர்வுகளை எண்ணுங்கள். சொந்தமாக இருக்க வேண்டியது எட்டு. ஐந்துக்கு மேல் இருந்து, அந்த ஆண்டு முதலிடமும் பிடித்திருந்தால், அந்த மேலாளர் கடன் வாங்கி விருந்து வைக்கவில்லை. ஒன்றோ இரண்டோதான் மிச்சம் என்றால், விருந்துக்கான பில் 2-வது சுற்று நடக்கும்போதெல்லாம் வந்துகொண்டே இருக்கும்.